பார்க்கின்சனுக்கு டிபிஎஸ்ஸா, அல்ட்ராசவுண்டா, பம்பா? எங்கள் வீட்டில் எடுத்த முடிவு

கையெழுத்து பொருந்தவில்லை என்று அப்பாவின் காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது 2013-இல். வீட்டுக் கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டிய பிறகுதான் அவர் எழுத்து மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 50. பார்க்கின்சன் என்று உறுதியாக இன்னும் ஆறு மாதம் ஆனது.

முதல் ஐந்தாறு வருடம் லெவோடோபா மாத்திரையிலேயே ஓடியது. அப்புறம் ஒரு மாத்திரை தாங்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. 2022-இல் ஒரு நாளைக்கு ஆறு வேளை. மாத்திரை பிடித்தால் ‘ஆன்’, விட்டால் ‘ஆஃப்’. ஆஃபில் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும். ஆனிலோ கழுத்தும் தோளும் தன்னால் நெளிந்துகொண்டே இருக்கும். மருத்துவர்கள் 5-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நாளைக்கு 5 வேளை லெவோடோபா, 2 மணி நேரத்துக்குக் குறையாத ஆஃப், 1 மணி நேரத்துக்குக் குறையாத நெளிவு. இதில் ஒன்று வந்துவிட்டாலே அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசலாம். அப்பாவுக்கு மூன்றும் இருந்தது.

எங்கள் முன்னால் வைக்கப்பட்ட வழிகள் மூன்று: மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ், மண்டையைத் திறக்காமல் செய்யும் அல்ட்ராசவுண்ட், தோலுக்கடியில் மருந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும் பம்ப். மூன்றுமே நோயைக் குணப்படுத்தாது, அதன் ஓட்டத்தையும் நிறுத்தாது. இது எல்லா மருத்துவரும் முதல் நாளே சொல்வதுதான், அதனால் நீட்டவில்லை.

பம்பைப் பற்றி என்னால் கொஞ்சம்தான் சொல்ல முடியும். அதில் போவது அப்போமார்ஃபின். மார்ஃபினிலிருந்து செய்தது என்றாலும் போதை மருந்து இல்லை. பார்க்கின்சனில் மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனம் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. 2018-இல் வெளிவந்த டொலேடோ ஆய்வில் 107 பேர் சேர்ந்திருந்தார்கள். பம்ப் வைத்தவர்களுக்கு ஆஃப் நேரம் நாளுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் குறைந்தது. அப்பாவுக்கு மூன்று நாள் முன்பிருந்தே வாந்தித் தடுப்பு மாத்திரை கொடுத்து, ஒரு நாள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பத்தே நிமிடத்தில் எழுந்து நடந்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரே ஒரு நாள் அனுபவத்தை வைத்து பம்ப் சரியில்லை என்று சொல்ல மாட்டேன். அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்கு அது நல்ல வழி. எங்களைத் தயங்க வைத்தது வேறு: தினமும் காலையில் அம்மா மருந்தை ஏற்றி ஊசி குத்த வேண்டும், குத்திய இடங்களில் தோலுக்கடியில் கட்டி கட்டியாக வரும். அம்மாவுக்கு அப்போதே சர்க்கரையால் கண் பார்வை மங்கியிருந்தது.

உண்மையான போட்டி டிபிஎஸ்ஸுக்கும் அல்ட்ராசவுண்டுக்கும்தான்.

அல்ட்ராசவுண்ட் கேட்ட மாத்திரத்தில் மனதைப் பிடித்துக்கொள்ளும். தலையை முழுக்க மழித்து, உள்ளே குளிர்ந்த நீர் ஓடும் தலைக்கவசம் மாதிரி ஒன்றைப் பொருத்தி, எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைக்கிறார்கள். கவசத்தில் 1024 ஒலிமுனைகள். எல்லா அலைகளும் ஒரே புள்ளியில் குவியும்போது அந்த இடம் சூடேறிப் பொசுங்குகிறது. நோயாளி விழித்திருப்பார், நடுக்கம் அங்கேயே அடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். துளை இல்லை, கம்பி இல்லை, பேட்டரி இல்லை. கோவையிலேயே செய்கிறார்கள்.

பார்க்கின்சனே இல்லாமல் கை மட்டும் நடுங்கும் நோய் ஒன்று உண்டு, எசென்ஷியல் ட்ரெமர் என்பார்கள். அப்பாவுக்கு இருந்தது அதுவாக இருந்தால் யோசிக்காமல் அல்ட்ராசவுண்டுக்குத்தான் போயிருப்போம். அமெரிக்காவில் 2016-இல் இதற்கு முதலில் அனுமதி கிடைத்ததும் அந்த நோய்க்குத்தான். பார்க்கின்சனில் கதை வேறு. 2023-இல் வந்த ஆய்வில் 94 பேரில் பெரும்பாலோருக்கு ஒரு பக்க மூளையில் மட்டும் செய்து பார்த்தார்கள், சிலருக்குப் பொசுக்காமல் செய்வதுபோலக் காட்டும் பாவனை சிகிச்சை. மூன்று மாதத்தில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 69 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், பாவனைக் குழுவில் 32 சதவீதம். முன்னேறியவர்களில் 39 பேரை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது 30 பேருக்கு அது நிலைத்திருந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அப்பாவுக்கு 2022-லேயே இரண்டு பக்கமும் இறுக்கம் இருந்தது. இரண்டு பக்கமும் பொசுக்கினால் பேச்சும் நடையின் பிடிமானமும் கெடும் ஆபத்து கூடுகிறது என்று மருத்துவர் தயங்கினார்.

டிபிஎஸ்ஸுக்கு வயது அதிகம். ஃபிரான்சில் கிரெனோபிள் நகரத்து மருத்துவர் அலிம்-லூயி பெனாபிட் 1987-இல் ஒன்றைக் கவனித்தார். மூளையில் எந்த இடத்தைப் பொசுக்கினால் நடுக்கம் அடங்குமோ, அதே இடத்தில் வேகமான மின்துடிப்புக் கொடுத்தாலும் அடங்குகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. இந்த ‘பழையபடி ஆகிவிடுகிறது’தான் எங்களை இந்தப் பக்கம் இழுத்தது. 2013-இல் வந்த எர்லிஸ்டிம் ஆய்வில் 251 பேர். இரண்டு வருடத்தில் டிபிஎஸ் செய்தவர்களின் வாழ்க்கைத்தர மதிப்பெண் 26 சதவீதம் மேம்பட்டது, மருந்தோடு நின்றவர்களுக்கு மாற்றமே இல்லை. ஆபத்தும் உண்டு: நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம், கிருமித்தொற்று வந்தால் கருவியையே எடுக்க வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின இரவு நானும் தம்பியும் தூங்கவில்லை.

எல்லாரும் அறுவை சிகிச்சை நாளையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதன் பிறகு வரும் வருடங்கள்தான் முக்கியம்.

அறுவை முடிந்த மறுநாள், கருவியை இன்னும் இயக்கவே இல்லை, அப்பா கைவீசி நடந்தார். அம்மா அழுதுவிட்டார். இரண்டே வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. மின்முனை இறங்கும்போது அந்த இடம் லேசாகக் கசங்குவதால் வரும் தற்காலிகப் பலன் அது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் வீடு இடிந்துபோனது. உண்மையான வேலை ஒரு மாதம் கழித்து, கருவியின் அளவுகளைத் திருத்தும் புரோகிராமிங்கில்தான் தொடங்கியது.

அன்று காலை மாத்திரை கிடையாது. அப்பா இறுகிப்போய் நாற்காலியில். மருத்துவர் கையில் ஒரு டேப்லெட். துடிப்பு விநாடிக்கு 130 என்று வைத்துவிட்டு, மின்னோட்டத்தை 1 மில்லிஆம்பியரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். “விரலைத் தட்டிக்கிட்டே இருங்க சார்.” ஒட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மெல்ல அகலத் தொடங்கின. 2-ஐத் தாண்டியதும் தட்டல் சரளமானது. 3-க்குப் போனபோது அப்பாவின் வாய் வலப்பக்கம் இழுத்தது, ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னால் நாக்கு குழறியது. எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. மருத்துவர் 2.4-க்கு இறக்கினார். வாய் நேரானது. அப்பா “நாகர்கோவில்” என்றார்.

பொசுக்குவதற்கு முன் அல்ட்ராசவுண்டிலும் குறைந்த சூட்டில் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆனால் பொசுக்கிய பிறகு 2.4-க்கு இறக்க முடியாது. பார்க்கின்சன் நின்ற இடத்தில் நிற்காது. இன்று சரியாக இருக்கும் அளவு மூன்று வருடத்தில் போதாமல் போகும். அப்போது திருத்துவதற்கு ஒரு பிடி கையில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் முடிவுக்குக் காரணம்.

அந்தப் பிடிக்கு விலையும் உண்டு. முதல் வருடம் ஏழு முறை புரோகிராமிங்குக்குப் போனோம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் என்பதால் முடிந்தது. அதுவே ஒரு இரவுப் பயணம் என்றால், ஆஃபில் இருக்கும் மனிதரை ஏழு முறை அழைத்துப் போவது நடக்காது. கருவி வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை யார், எங்கே, எத்தனை வருடம் திருத்தித் தருவார்கள் என்பது.

அடுத்தது, நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் பேட்டரி. சார்ஜ் செய்ய முடியாதது மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரும். ஒவ்வொரு முறையும் நெஞ்சைக் கீறி மாற்ற வேண்டும், செலவு லட்சங்களில். சார்ஜ் செய்வது முதலில் விலை கூடுதல், ஆனால் பதினைந்து வருடம் சொல்கிறார்கள். நாங்கள் எடுத்தது இரண்டாவது. புதனும் ஞாயிறும் மாலை அப்பா சார்ஜரைக் கழுத்துப்பட்டையில் மாட்டி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் செய்தி பார்ப்பார். அம்மா காலண்டரில் டிக் போடுவார். தங்கை பிரசவத்துக்கு அம்மா போயிருந்தபோது நான் இரண்டு முறை தவறவிட்டேன். கருவி நின்றுவிட்டது. சில நிமிடத்தில் நடுக்கம் திரும்பியது, விடிவதற்குள் அப்பா பலகையாக இறுகிக் கிடந்தார். வீட்டில் நினைவாகச் செய்ய ஆள் இல்லையென்றால் சார்ஜ் வேண்டாத பேட்டரியே பாதுகாப்பு.

மூன்று வருடம் கழித்து இன்று: மாத்திரை ஆறு வேளையிலிருந்து மூன்று. நெளிவு போயே போய்விட்டது. குரல் மட்டும் முன்பைவிடத் தணிந்துவிட்டது. தொலைபேசியில் அவர் பேசுவது பாதி புரியாது. பத்து வருடம் தாண்டியவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

புதிய ஆய்வுகளும் கருவியைத் திருத்தும் திசையில் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. மூளையிலிருந்து வரும் பீட்டா அலைகள் என்ற மின்குறிப்புகளைத் தானே படித்து மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் டிபிஎஸ்ஸுக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த செல்களை மூளைக்குள் வைக்கும் சிகிச்சை பற்றியும் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். கியோட்டோ பல்கலைக்கழகம் 2025-இல் வெளியிட்ட ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களே 7 பேர்தான். பலன் அளக்கப்பட்ட ஆறு பேரில் நான்கு பேருக்கு ஆஃப் நேர அசைவு மேம்பட்டது. நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் மிகச் சிறிய ஆய்வு. அதைக் காட்டி இப்போதே பணம் கட்டச் சொல்லும் விளம்பரத்துக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

இப்போது அப்பாவுக்கு வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த மாதம் போகும்போது துடிப்பை 130-இலிருந்து 60-க்கு இறக்கிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நடைக்கு நல்லதாம், நடுக்கம் எட்டிப் பார்த்தால் மீண்டும் ஏற்றிவிடுவார்களாம். டிக்கெட் எடுத்தாயிற்று.