பட்டாணிப் பேத்தையும் கப்பியும் ஒரே தொட்டியில்: பாளையங்கோட்டை 'காம்போ' தேறுமா?

பாளையங்கோட்டை வண்ணமீன் கடை ஒன்றில் ஒன்றரை அடித் தொட்டியைக் 'காம்போ' என்று 2,800 ரூபாய்க்கு விற்கிறார்கள். கண்ணாடித் தொட்டி, உள்ளே மாட்டும் பவர் ஃபில்டர், எல்இடி விளக்கு, இரண்டு கிலோ கலர் கல், கூடவே மூன்று பட்டாணிப் பேத்தை, ஆறு கப்பி. இந்தப் பேத்தையைக் கடையில் 'பீ பஃபர்' என்பார்கள், மிரண்டால் வயிற்றை ஊதிக்கொள்ளும் மீன் வகை. உவரி, கூடங்குளம் பக்கத்துக்காரர்களுக்குப் பேத்தை என்றாலே போதும், எந்த மீன் குடும்பம் என்று புரிந்துவிடும். தொட்டிக்காக இந்தக் காம்போவை வாங்கலாம். மீன் சேர்க்கைதான் தப்பு.

முதலில் நல்லது. 5 மி.மீ. கண்ணாடி, ஓரம் தேய்த்தது. மூலைகளில் சிலிக்கான் குமிழ் இல்லாமல் ஓடியிருக்கிறது. அடியில் போடத் தெர்மாகோல் தகடும் கேட்காமலே தருகிறார்கள். 45×30×30 செ.மீ. என்றால் கணக்குக்கு 40 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, மணலும் போட்டால் 30 லிட்டரை ஒட்டித்தான் நிற்கும். மூன்று பேத்தைக்கு அது போதும், நாலாவதாக எதுவும் வேண்டாம்.

"சின்ன மீன்தான அண்ணாச்சி, என்ன செஞ்சிரப் போவுது?" என்பதுதான் கடையில் கிடைக்கும் பதில். வளர்ந்தாலும் ஓர் அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான், அது உண்மை. ஆனால் பற்கள் ஒட்டி அலகாகிவிட்ட வாய் அது, நத்தை ஓட்டை உடைப்பதற்கென்றே அமைந்தது. கடைத் தொட்டி முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். இரை தட்டுப்பட்டதும் வாலை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு, சின்னத் துடுப்புகளை மட்டும் படபடவென்று அடித்து அந்தரத்தில் நிற்கும். பிறகு ஒரே கொத்து. ஆண் கப்பியின் விசிறி வால் ஆடுவது அதன் கண்ணுக்கு நெளிகிற புழுதான். கப்பி திரும்புவதற்குள் வாலில் அரைவட்டமாக ஒரு துண்டு போயிருக்கும். ஒரேயடியாகக் கொல்லாது, கிள்ளிக் கிள்ளி விடும். கிழிந்த இடத்தில் அழுகல் பிடித்துக் கப்பி சாகும். வாங்கியவர் தண்ணீரைக் குறை சொல்வார்.

எனவே கப்பியைக் கடையிலேயே விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு வேலம்பாசி, ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடிகளைக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள். ஃபைட்டர், ஏஞ்சல் என்று வாலோ துடுப்போ நீண்ட எந்த மீனும் பேத்தையோடு ஆகாது. செர்ரி இறால் விட்டால் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. துணை இருந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டடித் தொட்டிக்குப் போய், எட்டு வரிக்குதிரை டேனியோ விடலாம். அவை ஓடுகிற ஓட்டத்துக்குப் பேத்தையால் ஈடுகொடுக்க முடியாது. அதுவும் உத்தரவாதம் இல்லை, ஒவ்வொரு பேத்தைக்கும் ஒரு குணம். (இதே கடையில் துடுப்பைக் கடிக்கிற டைகர் பார்ப் நாலையும் ஏஞ்சலையும் ஒரே தொட்டியில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஏஞ்சலின் கீழ்த்துடுப்பைப் பார்த்தாலே கதை தெரியும்.)

சண்டை பேத்தைகளுக்குள்ளேயும் உண்டு. ஓர் ஆண், இரண்டு பெண் என்பதுதான் இந்த அளவுக்குச் சரி. வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே கருங்கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் மாதிரி வரிகள் இருக்கும். பெண் உருண்டையாக இருக்கும். குட்டியில் இது பிடிபடாது, அதனால் கொஞ்சம் வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஆண் அமைந்துவிட்டால் ஒன்று மூலையில் ஒடுங்கி, சாப்பிடாமல் இளைக்கும். பாசியை நெருக்கி நடுங்கள். ஒரு மூலையில் நிற்கிற மீனுக்கு அடுத்த மூலை தெரியக்கூடாது.

வயிற்றைப் பார்க்காமல் மீனை எடுக்காதீர்கள். 1941இல் மீன் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்று மீனை வைத்து விவரித்த இனம் இது. அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. நமக்குச் செங்கோட்டைக் கணவாய் தாண்டினால் அதன் சொந்த ஊர்ப்பக்கம். அழிவாய்ப்புள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் (IUCN) இருந்தும், சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஆற்றிலும் காயலிலும் பிடித்ததுதான். குடற்புழுவோடு வரும். சாப்பிட்டும் வயிறு ஒட்டியே இருந்தால் அதுதான் காரணம். தீனி போட்டுக் காட்டச் சொன்னால் ரத்தப்புழு போட்டுக் காட்டுகிறார்கள். பாய்ந்து வருவதை மட்டும் எடுங்கள்.

காம்போவில் வரும் ஃபில்டர் மணிக்கு 600 லிட்டர். 30 லிட்டர் தண்ணீரை மணிக்கு இருபது தடவை சுற்றினால் வேகமாக நீந்தத் தெரியாத இந்த மீன் சுவரோரமாகவே தள்ளாடும். தண்ணீர் பாயும் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்ச் சுற்றுங்கள். காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டராக மாற்றினால் இன்னும் நல்லது. கலர் கல் வேண்டாம். இடுக்கில் விழுந்த புழு அங்கேயே அழுகும். கழுவிய மெல்லிய மணல் ஓர் அங்குலம் போதும்.

'பாக்டீரியா பாட்டில் ஊற்றினால் அன்றைக்கே மீன் விடலாம்' என்கிற பேச்சைக் கேட்காதீர்கள். கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், பேத்தை அதுவரை தாங்காது. தொட்டியை இன்று எடுத்துக்கொண்டு மீனைப் பிறகு வாங்குவதாகச் சொன்னால் பில்லில் எழுதித் தருகிறார்கள். கடையின் உருப்படியான சேவை இதுதான்.

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் இதற்குப் பொருந்தும். குளோரின் போக வாளியில் பிடித்து, காற்றுக் கல் போட்டு ஒரு நாள் வையுங்கள். வாரம் 30 சதவீதம் மாற்ற வேண்டும். கடையில் கல் உப்புப் போடச் சொல்கிறார்கள். இது நன்னீர்ப் பேத்தை, உப்புத் தேவையில்லை. போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைத் தொடவே வேண்டாம். சித்திரை வெக்கையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது மூடியைத் திறந்து, மேற்பரப்பில் படும்படி சின்ன விசிறி வையுங்கள்.

தீனிதான் மாதாமாதம் செலவு வைக்கும். காம்போவில் தரும் குருணைத் தீனியைப் பேத்தை திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு வேண்டியது உறைந்த ரத்தப்புழு, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர், பட்டாணி அளவு நத்தை. ஒரே இடத்தில் கொட்டினால் ஆணே எல்லாவற்றையும் தின்றுவிடும். டிராப்பரில் எடுத்து மூன்று இடத்தில் விட வேண்டும். நத்தையைத் தனி வாளியில் வெள்ளரித் துண்டு போட்டு வளர்க்கலாம். வயல் வாய்க்காலில் பொறுக்கினால் பூச்சிமருந்தும் கூடவே வரும். கூத்தாடிப் புழுவும் விரும்பித் தின்னும், ஆனால் அதற்காக மாடியில் வாளி வைத்தால் டெங்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

கட்டிக் கொடுப்பதில் கடை கோட்டைவிடுகிறது. மூன்றையும் ஒரே பையில் போடுகிறார்கள். வீடு சேர்வதற்குள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். தனித்தனிப் பை கேளுங்கள். வலையால் அள்ளவிடாமல் கப்பில் மொண்டு தரச் சொல்லுங்கள், ஏனென்றால் தண்ணீருக்கு வெளியே வயிற்றை ஊதினால் உள்ளே போன காற்று எளிதில் வெளிவராது. மறுநாள் செத்தால் மாற்றித் தருவதில்லை. அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று பஸ்ஸில் போகிறவர்கள் மதியத்தைத் தவிர்த்து, பைகளைச் செய்தித்தாளில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். பெட்டிக்குத் தனியாக 40 ரூபாய் வாங்குகிறார்கள்.