த்ரெட்டா, யார்னா?

தமிழில் "நூல் கொண்டு வரவும்" என்று எழுதியபோது ஒரு வம்பும் இல்லை. ஆங்கிலத்தில் த்ரெட் (thread) என்று போட்டதுதான் வினை. எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நான் நடத்தும் குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், வகுப்புக்கான அறிவிப்பு அது. முதல் நாளே 4 பேர் தையல் நூல்கண்டோடு வந்து உட்கார்ந்தார்கள். அதில் தொப்பி பின்னினால் அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும். மறுவாரமே யார்ன் (yarn) என்று மாற்றிவிட்டேன்.

யார்ன் தடிமன், த்ரெட் மெல்லிசு என்பார்கள். அதை நம்பாதீர்கள். சட்டைத் துணியை நெய்த யார்ன், அதைத் தைத்த த்ரெட்டைவிடப் பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும்.

பார்க்க வேண்டியது வேலையை. தானே துணியாகிவிடுவது யார்ன். ஏற்கெனவே இருக்கிற துணியைப் பிடித்துச் சேர்ப்பது த்ரெட். சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்காவிடம் இரண்டையும் நீட்டினேன். "முறுக்கைப் பாரும்மா" என்றார். தையல் நூலைச் செங்குத்தாகப் பிடித்தால் முறுக்கு ஆங்கில 'இசட்' எழுத்தின் நடுக்கோடு போலச் சாய்ந்திருந்தது. என் கம்பளி நூலிலோ 'எஸ்' எழுத்தின் நடுப்பகுதி போல, எதிர்ப்பக்கமாக. "கம்பளி நூல் மிஷின்ல ஓட ஓடப் பிரிஞ்சுடும், தையல் நூல் பிரியாது" என்றார் அக்கா. ஊசிக்கும் துணிக்கும் நடுவே திரும்பத் திரும்ப உரசுவதால்தான் தையல் நூலுக்கு அந்த இறுக்கமும் வழவழப்பும். பின்னல் நூலுக்கு அது எதற்கு? மெத்தென்று இருந்தால் போதும்.

இடறும் இடங்களும் உண்டு. லேஸ் பின்னும் மெல்லிய, இறுக்கமான பருத்தி நூலுக்குக் கடையில் குரோஷே த்ரெட் என்றே பெயர். அதுவும் துணியாகத்தான் மாறுகிறது. படுக்கை விரிப்பு வாங்கும்போது சொல்லும் 'த்ரெட் கவுன்ட்' எண்ணுவது, ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கே ஓடும் பாவு இழைகளையும் குறுக்கே ஓடும் ஊடை இழைகளையும்; என் கணக்குப்படி அது யார்ன். நான் தறியில் உட்கார்ந்தவள் இல்லை. பின்னலுக்கும் தையலுக்கும் மட்டும் உத்தரவாதம் தருகிறேன்.

யார்ன் என்றால் அளந்துவிடும் கதை என்றும் அர்த்தம் உண்டு. நாம் கயிறு திரிக்கிறோம், அவர்கள் யார்ன் நூற்கிறார்கள். பேச்சின் இழை அறுந்தால் மட்டும் அது த்ரெட்.

அந்த 4 நூல்கண்டுகளும் வீண்போகவில்லை. யார்னில் பின்னிய கரடிக்குக் கண் வைத்துத் தைக்க அவைதான் உதவின.