அரக்கு வெளிறிப் போனது: ஒரு லோகோவோடு நான்கு வருடம்

வியாசர்பாடியில் செல்போன் சர்வீஸ் கடை போடப்போகும் நண்பன் நேற்று கேட்டான்: "மச்சான், லோகோவுக்குக் காசு செலவு பண்ணலாமா?" போன மாதம்தான் என் கடை போர்டைக் கழற்றி மாற்றினேன். அந்தச் சூடு ஆறவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் எனக்கு பிளவுஸ் தைக்கும் கடை. மஞ்சள் பின்னணியில் அரக்கு எழுத்து. ஊசிக் காதிலிருந்து புறப்படும் நூலே வளைந்து கடைப் பெயரின் முதல் எழுத்தாகிவிடும். வரைந்தவர் நல்ல கைக்காரர். போர்டில் தமிழ் 5 பங்கு, இங்கிலீஷ் 3 பங்கு என்ற விதியைக்கூட நான் சொல்லாமலே பார்த்துக்கொண்டார்.

ஆனால் அந்த அரக்கு! மேற்கு பார்த்த கடை, ஃபிளெக்ஸ் போர்டு. இரண்டாவது கோடையிலேயே வெளிறி ரோஸ் ஆனது. ஃபிளெக்ஸ் மெஷினில் சிவப்புக்கென்று தனி மை கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்துதான் சிவப்பு. வெயிலில் முதலில் போவதும் அவைதான். கறுப்பு தாக்குப்பிடிக்கும். இதை அவர் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? சேலைக்கு மேட்சிங் துணி தேடித் தருகிற கடை என்னுடையது. அதன் போர்டே நிறம் மாறி நின்றால் யார் நம்பித் துணி கொடுப்பார்கள்?

இன்னொன்று. அவர் கொடுத்தது ஒரே ஒரு ஜேபெக் படம். கோரல் ஃபைல், அதாவது அவர் கம்ப்யூட்டரில் வரைந்த ஒரிஜினல் ஃபைல், கேட்டால் அதற்குத் தனிப் பணம் என்றார். அதனால் விசிட்டிங் கார்டு அடித்தவர், பில் புக் அடித்தவர் என்று ஆளாளுக்குப் புதிதாக டிரேஸ் எடுத்தார்கள். நூலின் வளைவு மூன்று விதமாகிவிட்டது. அரக்கு ஓரிடத்தில் பிரவுன், ஓரிடத்தில் ஆரஞ்சு.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் மஞ்சப்பையில் வந்தது. 2019-இல் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததிலிருந்தே துணிப்பைதான் கொடுக்கிறேன். தங்கசாலைப் பக்கம் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் பெரியவர், கடையிலிருந்த ஒரு அரக்குத் துணித்துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மையைக் கையாலேயே கலந்தார். அச்சு அசலாக அதே நிறம். எத்தனை துவைத்தாலும் போகவில்லை. தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் ஒரு அம்மா அந்தப் பையில் கீரை வாங்கிப் போவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புது போர்டு ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது), அதன்மேல் அக்ரிலிக் எழுத்து. நிறம் மேலே அடித்ததல்ல, தகட்டிலேயே ஊறியது. ஒரு கோடை போனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த லோகோ எனக்கு இன்றும் உயிர். ஆனாலும் அதை வரைந்தவரிடமே போகலாமா என்று நண்பன் கேட்டதற்கு வேண்டாம் என்றேன். யாரிடம் போனாலும் சரி, கோரல் ஃபைல் கைக்கு வராமல் பாக்கியைக் கொடுக்காதே. போர்டுக்குக் கறுப்பு எழுத்தே போதும். முதலில் 200 பை அடி. பெரியவரிடம் நானே கூட்டிப்போகிறேன்.