துபாய் கிளம்புகிறீர்களா? எங்களுக்கு 1,840 திர்ஹாம் போய்விட்டது, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

துபாயில் எங்கே போகலாம், எதில் போகலாம், என்ன செலவாகும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஊர் திரும்பியதும் விவரமாக ஒரு பதிவு போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான்கு பக்கம் குறிப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். அது இப்போதைக்கு வராது. டூர் டிக்கெட் என்று சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டு மூடிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டர் முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு இப்போதுதான் ரூமுக்கு வந்தோம். 1,840 திர்ஹாம். நம்ம காசுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல். விடியற்காலை ஃபிளைட். இன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஊருக்குப் போய்விட்டால் "போனது போகட்டும், விடு" என்று ஆளாளுக்குச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டும் என்றுதான் கை துடிக்கிறது. ஆனால் இந்த நாட்டில் 2021-ல் கொண்டுவந்த இணையக் குற்றச் சட்டப்படி யாரைப் பற்றியாவது அவதூறாக எழுதினாலும், கேட்காமல் படம் எடுத்துப் போட்டாலும் குற்றம். ஏமாந்த நாமே மாட்டிக்கொள்ளும்படி ஆகலாம். அதனால் இவ்வளவுதான் சொல்ல முடியும்: துபாயின் பழைய கடைவீதிப் பகுதியான டேரா பக்கம், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழே, டூர் டிக்கெட் விற்கிற சின்னக் கடை. கண்ணாடி முழுக்க புர்ஜ் கலீஃபா, ஒட்டகம், படகு என்று ஸ்டிக்கர். இந்த மாதிரிக் கடை இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது, எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான், வீட்டுக்காரர், மகன், அம்மா நான்கு பேரும் அந்த வழியாக நடந்துகொண்டிருந்தோம். ஜூன் மாத வெயில், ஆறு மணிக்கும் நடைபாதை கொதிக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி. கடை வாசலில் ஒரு நிமிடம் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு தம்பி ஓடி வந்து, "உள்ள வந்து உட்காருங்கம்மா, ஏசி போட்டிருக்கு" என்று தமிழில் கூப்பிட்டான். எதையும் விற்கப் பார்க்கவில்லை. நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான், பக்கத்துக் கடையிலிருந்து கரக் டீ வரவழைத்தான். எந்த ஊர் என்று கேட்டான், சொன்னோம், "அட, எங்க சித்தி வீடு அங்கதான்க்கா" என்றான். கால் மணி நேரம் அம்மாவின் முட்டியைப் பற்றித்தான் பேச்சு. அவன் அம்மாவுக்கும் அதே வலியாம், ஊரில் தனியாக இருக்கிறார்களாம், பார்த்து மூன்று வருஷமாம். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. எங்க அம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிவது அதை நினைத்துத்தான்.

நாங்களாகத்தான் டிக்கெட் பேச்சை எடுத்தோம். அவன் பொறுமையாகத் தாளில் எழுதிக் காட்டினான். புர்ஜ் கலீஃபா 124-வது மாடி, சூரியன் மறைகிற நேரத்து ஸ்லாட், ஆளுக்கு 260, நான்கு பேருக்கு 1,040. பாலைவன சஃபாரி, எங்களுக்கு மட்டும் தனி வண்டி, 600. குளோபல் வில்லேஜ் என்கிற பொருட்காட்சித் திடல், போய்வர வண்டியோடு ஆளுக்கு 50, மொத்தம் 200. கூட்டினால் 1,840. "அம்மாவுக்கு முன் சீட்டு போடச் சொல்றேன்க்கா. மணல்மேட்டுல குலுக்கி ஓட்டவே கூடாதுன்னு டிரைவர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றான்.

வீட்டுக்காரர் மெதுவாக, "ஆன்லைன்ல அந்தந்த இடத்தோட சைட்லயே போட்டுடலாமே" என்றார். நான்தான், "முட்டி வரைக்கும் யோசிச்சுச் செய்யற புள்ளை, இவன்கிட்டயே போடுவோம்" என்றேன். கார்டு என்றால் மூன்று சதவீதம் கூட வரும், ரொக்கமாகக் கொடுத்தால் உங்களுக்குத்தான் மிச்சம் என்றான். எண்ணிக் கொடுத்தேன். கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தான். கடை பெயரில்லை, முத்திரையில்லை. டிக்கெட் வாட்ஸ்அப்பில் வரும் என்றான், வந்தது, நான்கு கியூஆர் கோடு.

திங்கட்கிழமை மெட்ரோவில் போய் புர்ஜ் கலீஃபா ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து துபாய் மாலுக்கு மூடிய நடைபாலம், 800 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நகரும் தளம் உண்டுதான், ஆனாலும் ஒவ்வொரு துண்டு முடிந்ததும் இறங்கி ஏற வேண்டும். மால் உள்ளே வந்தபிறகும் கீழ்த்தளத்தில் இருக்கிற நுழைவு வரை நடை. அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உலகத்திலேயே உயரமான கட்டடம், 828 மீட்டர் என்று பேரனுக்கு அவர்களே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

வரிசையில் நின்று போனை நீட்டினேன். மெஷின் ஏற்கவில்லை. மறுபடி காட்டினேன், ஏற்கவில்லை. அங்கே இருந்த பெண் பார்த்துவிட்டு, இந்த டிக்கெட்டை மதியமே யாரோ உபயோகித்துவிட்டார்கள் என்றாள். நான்குமே. ஒரே டிக்கெட்டை எத்தனை பேருக்கு அனுப்பினானோ தெரியாது, முதலில் காட்டியவர் ஏறிப் போய்விட்டார். கோடு ஒரு தடவை ஸ்கேன் ஆனால் தீர்ந்தது, அதற்குமேல் அது வெறும் படம். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், அவள்மேல் எனக்குக் குறையில்லை. புதிதாக எடுக்கலாம் என்றால் அன்றைக்கு அந்த நேரத்து ஸ்லாட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது.

அவனைக் கூப்பிட்டேன். இதையும் தெரிந்துகொள்ளுங்கள், இந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. அவன் எங்களுக்குக் கொடுத்திருந்தது வாட்ஸ்அப் எண் மட்டும், அதுவும் வேறு ஏதோ நாட்டு எண். ஏன் அப்படி என்று அப்போதுதான் புரிந்தது. மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது. நாற்பது நிமிடம் கழித்து, "சிஸ்டம் பிராப்ளம் அக்கா, நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிடலாம்." அவ்வளவுதான். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தை அண்ணாந்து அந்தக் கட்டடத்தைக் கீழேயிருந்தே பார்த்தார்கள். "இங்கேருந்து பார்த்தாலே நல்லாத்தான் இருக்கு, நீ அழாதே" என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை சஃபாரி. மூன்று மணிக்கு வர வேண்டிய வண்டி நாலு இருபதுக்கு வந்தது. தனி வண்டி இல்லை, உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர், அதில் ஒருவர் முன் சீட்டில். அம்மாவுக்குக் கிடைத்தது கடைசி வரிசை, காலை நீட்டவே முடியாத இடம். லஹ்பாப் சிவப்பு மணல் பக்கம் போனதும் டிரைவர் இறங்கி நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தார். டயர் அகலமாகி மணலில் புதையாமல் போவதற்கு அப்படிச் செய்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. அம்மாவின் முட்டியைப் பற்றிச் சொன்னார்களா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றுமே தெரியாது. முதுகு வலி, மூட்டு வலி இருப்பவர்களையும் கர்ப்பிணிகளையும் இதில் ஏற்றவே கூடாதே, உங்களிடம் சொல்லவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். தனியாக வேறு வண்டி வேண்டுமென்றால் இன்னும் 300 என்றார். அவர் யாருக்கோ ஓட்டுகிறவர், அவரைத் திட்டி என்ன பண்ண? நானும் அம்மாவும் வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு கடை ஓரம் உட்கார்ந்துகொண்டோம், வீட்டுக்காரரும் மகனும் மட்டும் போய் வந்தார்கள்.

புதன் காலை குளோபல் வில்லேஜுக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு மெசேஜ் போட்டேன். பதிலில்லை. ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்டால், "மேடம், அது இப்போ மூடியிருக்கு, அக்டோபர்லதான் திறப்பாங்க" என்கிறார்கள். வெயில் காலம் முழுக்க மூடிவிடுவார்களாம், மிராக்கிள் கார்டன் என்கிற பூந்தோட்டமும் அப்படித்தான். மூடிக் கிடக்கிற இடத்துக்கு முகத்தைப் பார்த்துப் பேசி 200 திர்ஹாம் வாங்கியிருக்கிறான்.

நேராகக் கடைக்குப் போனோம். அந்தத் தம்பி இல்லை, வேறு ஒருவர். "அவன் அபுதாபி போயிருக்கான்." எப்போது வருவான்? "தெரியாது." எங்கள் பணம்? "ரீஃபண்ட் பதினாலு வேலை நாள் ஆகும்." நாங்கள் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறோமே என்றால், "அக்கவுண்ட் நம்பர் எழுதி வைங்க." கொஞ்சம் குரலை உயர்த்தியதும் துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல எங்க கடை பேரே இல்லையே, இது எங்க பில்லுன்னு எப்படிச் சொல்றீங்க?" வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் அந்த ஆள், "டிக்கெட் யூஸ் ஆயிருக்குன்னு காட்டுது, உங்க ஆளுங்களே யாராவது போயிருப்பாங்க, பாருங்க" என்றார். எங்களையே திருடர்கள் என்கிறார். மூன்று நாள் முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அம்மா டீ குடித்தார்கள்.

இன்றைக்கு வியாழன். காலையில் போனோம், "மேனேஜர் மீட்டிங்." மதியம் போனோம், "தொழுகை நேரம், அப்புறம் வாங்க." ராத்திரி போனோம், ஷட்டர். என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். 1,840 திர்ஹாமில் கண்ணால் பார்த்தது ஒரு வண்டியின் கடைசி சீட்டு மட்டும்.

துபாய் நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். பில்லை இணைக்கச் சொல்லிக் கேட்கிறது, என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டுதான், அதையே போட்டோ எடுத்துப் போட்டேன். வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் பிளாக் ஆவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

சரி, டிப்ஸ் கேட்டவர்களுக்கு. நேரமில்லை, நினைவுக்கு வருவதை மட்டும் சொல்கிறேன்.

புர்ஜ் கலீஃபா, மியூசியம் ஆஃப் தி ஃபியூச்சர் இரண்டுக்கும் அவரவர் சொந்த இணையதளத்திலேயே டிக்கெட் போடுங்கள். இரண்டும் நேரம் குறித்த டிக்கெட், நல்ல ஸ்லாட் முன்னாடியே தீர்ந்துவிடும். தீர்ந்துபோன ஸ்லாட் என்னிடம் இருக்கிறது என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரொக்கம் கொடுக்காதீர்கள். கார்டில் கொடுத்திருந்தால் பேங்கில் தகராறு செய்யவாவது வழி இருந்திருக்கும். பில்லில் கடை பெயரும் 15 இலக்க வரிப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், இங்கே டிஆர்என் என்பார்கள். 2018-லிருந்து 5 சதவீத வாட் வரி இருக்கிறது, முறையான கடை என்றால் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். உள்ளூர் போன் எண் வாங்கி, அவர்கள் முன்னாலேயே ஒரு தடவை அடித்துப் பாருங்கள். சண்டை வந்தால் கத்த வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம், அவசரமில்லாத விஷயத்துக்குப் போலீஸ் எண் 901.

வயதானவர்களோடு வந்தால் துபாய் மாலுக்கு டாக்ஸியில் போங்கள், அந்தப் பாலம் வேண்டாம். மெட்ரோவில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், 100 திர்ஹாம் அபராதம். பெட்டியில் கசகசா வைக்கவே வைக்காதீர்கள், இங்கே அது தடைசெய்த பொருள், சமையல் பொடிக்குள் இருந்தாலும் வம்பு. வலி மாத்திரை, இருமல் மருந்து என்றால் கோடீன் என்கிற போதைத்தன்மையுள்ள மருந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டர் சீட்டோடு, முன் அனுமதி வாங்கி எடுத்து வாருங்கள்.

டேராவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கிற பர்துபாய்க்கு, கிரீக் என்கிற கடல்கழியைக் கடக்கிற அப்ரா படகில் கட்டாயம் போங்கள். ஆளுக்கு 1 திர்ஹாம், ஏறும்போது கையில் கொடுத்தால் போதும். இந்த ஐந்து நாளில் அம்மா வாய்விட்டுச் சிரித்தது அதில்தான். ஏறும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், படகு ஆடும்.