சீல் உடைந்த பெயின்ட் பக்கெட்டை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்

குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. தை மாதம் பெயின்ட் அடித்தோம். இன்னும் ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஹால் சுவரை ஈரத்துணியால் துடைத்தால் துணியோடு நிறமும் வருகிறது. வீட்டுக்கு இளம் நிறம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய ரோஸும் பச்சையும் கண்ணைக் குத்தின. கன்னியாகுமரிக் கடற்கரையில் பல நிற மணலைப் பொட்டலம் போட்டு விற்பார்களே, அதில் வெளிறியதாக ஒன்று இருக்கும். சந்தனமும் இல்லை, சாம்பலும் இல்லை. அதுதான் வேண்டும் என்று ஷேட் கார்டில் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். வளைகுடாவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு வீடியோ காலில் காட்டினால், "நல்லாத்தானே இருக்கு" என்றார். போன் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும் என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பொருளும் கூலியும் சேர்த்து ஒரு காண்ட்ராக்டரிடம் பேசினேன். கழுவக்கூடிய உயர்ந்த ரக எமல்ஷன், 60 லிட்டர். வந்த மூன்று பக்கெட்டிலும் சீல் உடைந்திருந்தது. மூடிமேல் ஸ்டிக்கரும் இல்லை. கேட்டதற்கு, "டோக்கன் எடுக்கத்தான் திறந்தோம் டீச்சர், பேடிக்காண்டாம் (பயப்பட வேண்டாம்)" என்றார். பெயின்டருக்கென்று சில பக்கெட்டுக்குள் கம்பெனியே டோக்கன் போடுவது உண்மைதான். அவர்கள் அதை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பாதி உண்மை கலந்திருந்ததால்தான் நம்பிவிட்டேன்.

மிஷினில் நிறம் கலக்கும்போது ஷேட் எண், எந்த பேஸ் (நிறம் சேர்ப்பதற்கு முன் இருக்கும் அடிப்படை பெயின்ட்), எத்தனை லிட்டர், தேதி எல்லாம் ஸ்டிக்கரில் அச்சாகி வரும். அதைக் கிழித்துவிட்டால் உள்ளே இருப்பது எதுவானாலும் நமக்குத் தெரியாது. ஒரு கம்பெனி ஷேட்டை இன்னொரு கம்பெனியின் மலிவு பேஸில் கலந்து கொடுக்கிறவர்கள் உண்டு. "அதே நம்பர்தான்" என்பார்கள், சுவரில் அதே நிறம் வராது. அடர்நீலத்தில் ஒரு சொட்டு கூடினால் யாருக்குத் தெரியும்? மணல் நிறத்தில் சிவப்பு ஒரு சொட்டு கூடினால் சுவர் முழுக்க ரோஸ் அடிக்கும்.

எங்கள் ஹாலில் மூன்றாவது பக்கெட் தொடங்கிய இடத்தில் கோடு போட்டதுபோல் தெரிந்தது. "காய்ஞ்சா சரியாயிரும்" என்றார் காண்ட்ராக்டர். காய்ந்தது. மாமியார் வந்து பார்த்துவிட்டு, "என்ன மக்களே, சுவருக்கு ஒட்டுப் போட்டிருக்கா?" என்று கேட்டார். மூன்று பக்கெட்டையும் முதலிலேயே ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கியிருந்தால் அந்தக் கோடாவது வந்திருக்காது.

நியாயமாகச் சொன்னால் என் தவறும் உண்டு. எங்கள் தரை சிவப்பு டைல். வெயில் அதில் பட்டுச் சுவரில் ஏறும்போது எந்த இளம் நிறமும் கொஞ்சம் சிவக்கும். படுக்கை அறை ஜன்னலுக்கு வெளியே ரப்பர் தோட்டம். தை மாதம் இலை உதிர்ந்து நின்றதால் வெள்ளை வெளிச்சம் வந்தது. பங்குனியில் புது இலை அடைத்ததும் அறை பாசி பிடித்தமாதிரி ஆகிவிட்டது. ராத்திரி நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் எல்இடி போட்டால் ஆஸ்பத்திரி வராந்தா. இதற்கெல்லாம் காண்ட்ராக்டரைத் திட்ட முடியாது. முதலில் 1 லிட்டர் மட்டும் வாங்கி, பெரிய வெள்ளை சார்ட்டில் இரண்டு கோட் அடித்து, சுவரில் தரையை ஒட்டிச் சாய்த்து வைத்து, காலையிலும் நாலு மணிக்கும் லைட் போட்ட பிறகும் நான் பார்த்திருக்க வேண்டும். மிஷினில் கலக்கியதைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் ஜன்னலுக்குக் கீழே கறுப்புப் புள்ளிகள். துடைக்கப் போனபோதுதான் துணியில் நிறம் வந்தது. அதற்கடுத்த வாரம் சாய்ப்பில் ஓலையை ஒதுக்கினால், அடியில் ஒரு பக்கெட் மூடி. நாங்கள் பேசிய கம்பெனியே இல்லை. அதிலும் ஆகக் குறைந்த ரகம். போட்டோ எடுத்துக் காண்ட்ராக்டருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, அதோடு சரி.

நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே, புகார் கொடுக்கலாமா என்று வக்கீலாக இருக்கும் சித்தி மகனிடம் கேட்டேன். "பில்லக் கொண்டாங்க அக்கா" என்றான். எஸ்டிமேட் துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுத்தேன். கடைப்பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, பெயின்ட் கம்பெனி பெயரும் இல்லை. "பெயின்ட் 60 லி. டீச்சர் வீடு" என்று பென்சிலில் எழுதியிருந்தது.