ஆறாத கண் சிவப்பு: சூட்டு ஒத்தடமா, குளிர் ஒத்தடமா?

விழி வெண்படல அழற்சி (கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடிய மெல்லிய படலம் சிவந்து வீங்குவது) 4 வாரங்களைத் தாண்டினால் நாள்பட்டது என்பார்கள். அதற்கு ஒத்தடம் நல்ல துணைதான்; ஆனால் எது என்று பார்க்காமல் கொடுத்தால் வீண் வேலை.

அரிப்புதான் பெருந்தொல்லை, இரண்டு கண்களிலும் நீர் வடிகிறது, கூடவே தும்மலும் வருகிறது என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. இதற்குக் குளிர் ஒத்தடம். விரிந்த இரத்த நாளங்கள் சுருங்கி வீக்கமும் அரிப்பும் தணியும். கண்ணைக் கசக்கும் ஆசையும் அடங்கும். கசக்கக் கசக்க, அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு அரிப்பு ஏறத்தான் செய்யும். சூடு வைத்தால் சிவப்பு கூடலாம்.

காலையில் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன, இமைமயிரின் அடியில் பொடுகுபோலச் செதில் படிகிறது, அரிப்பைவிட எரிச்சல் அதிகம் என்றால் கோளாறு இமை விளிம்பில் இருக்கலாம். அங்குள்ள மைபோமியன் சுரப்பிகளில் எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொள்வதால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. அந்த எண்ணெயை இளக்க, இங்கே சூட்டு ஒத்தடம்தான் சரி. வெதுவெதுப்பான சுத்தமான துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணியோ சட்டென்று ஆறிவிடும். மறுபடி நனைத்துப் பிழியச் சோம்பல்படுகிறவர்களே "பலனில்லை" என்று கைவிடுகிறார்கள். பிறகு இமையை விளிம்பு நோக்கி மெல்ல நீவி, செதிலைத் துடைத்தெடுக்க வேண்டும். குளிர் ஒத்தடம் உடனே சுகம் தரும்; சூட்டு ஒத்தடத்துக்கோ வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இரண்டு தொல்லையும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. பார்வை மங்கினாலோ, கடும் வலியோ வெளிச்சக் கூச்சமோ வந்தாலோ ஒத்தடத்தை விட்டுவிட்டு உடனே கண் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அது கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடும்.