சேவை மையம் நல்லாத்தான் இருக்கு, வளர்ந்த பிள்ளைக்குத்தான் இடமில்லை

தென்சென்னையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை மையம் ஒன்று இருக்கிறது. எது என்று சொல்லப்போவதில்லை, அடுத்த வாரமும் நான் அங்கேதான் போகணும். பையனுக்கு 22 வயது, ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு, பேச்சு கிடையாது, என்னைவிட ஒரு முழம் உயரம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பீச் தெரபிக்கு ஒரு ஏரியா, பிசியோவுக்கு இன்னொன்று, பெரிய மதிப்பீடு என்றால் ஈசிஆரில் முட்டுக்காட்டு மத்திய அரசு நிறுவனம் வரைக்கும் என்று அலைந்தவளுக்கு, எல்லாம் ஒரே கட்டடத்தில் காசில்லாமல் கிடைப்பது பெரிய விஷயம். வாசலில் சாய்வுதளம் ஒழுங்கான சரிவில் இருக்கிறது. அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற அந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பெண்ணுக்குத் தனியாக 5 ஸ்டார் கொடுக்கலாம், அவன் காதைப் பொத்திக்கொண்டதும் ஃபேனை நிறுத்தியவள் அவள்தான்.

சரி, இப்போ குறை. அறையில் இருக்கிற நாற்காலி எல்லாம் எல்கேஜி சைஸ், ஊஞ்சலில் இவன் உட்கார்ந்தால் கொக்கி கழன்று வந்துவிடும். இதைக்கூட விடுங்கள், டயப்பர் மாற்ற ஒரு கட்டில் கிடையாது. கைக்குழந்தையைப் படுக்கவைக்கிற ஒரு பலகை மட்டும் இருக்கிறது. கழிப்பறைத் தரையில் பழைய புடவையை விரித்து, கதவை முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். கேட்டால், "சின்னப் பசங்களுக்குன்னு பிளான் பண்ணினதும்மா" என்கிறார்கள்.

சின்ன வயதிலேயே தெரபி தொடங்கினால் பலன் அதிகம் என்பது எனக்கும் தெரியும், அதற்குச் செலவு செய்யட்டும். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிற 21 வகைக் குறைபாடுகளில் எதுவும் 18 வயதோடு முடிகிறதா என்ன? முடிவது ஸ்கூல்தான். அப்புறம்தான் புது அலைச்சல் ஆரம்பிக்கும், 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான கமிட்டியில் பாதுகாவலர் சான்று வாங்குவதும் அதில் ஒன்று. பெற்ற அம்மாதான் என்றாலும் விண்ணப்பம் போட்டாகணும். இதையும் இந்த மையத்திலேயே ஒரு மேஜை போட்டுச் செய்து கொடுத்தால் என்ன? பகல் முழுக்க இவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று வார்டு பக்கத்திலேயே இருந்தால் நானும் ஒரு வேலைக்குப் போவேன்.

எங்கள் வார்டு ஏரியா சபையில் எழுந்து இதைக் கேட்டேன். மழைநீர் வடிகாலுக்கும் கொசு மருந்துக்கும் நடுவில் கிடைத்தது மூன்று நிமிஷம், "இந்த மாதிரி எத்தனை பேர் இருக்காங்க?" என்று என்னையே கேட்டார்கள். கணக்கு அவர்களிடம் இருக்க வேண்டாமா? யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பிறந்த தேதி, முகவரி எல்லாம் நாங்கள்தானே எழுதிக் கொடுத்தோம்! உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-இல் சட்டம் வந்திருக்கிறது, சந்தோஷம், வருகிறவர் பேச முடியாதவர்களுக்காகவும் பேசினால் சரி.

5-க்கு 3 தருகிறேன். போகிறவர்கள் காலை 10 மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், யுடிஐடி ஒரிஜினலும் இரண்டு ஜெராக்ஸும் கையில் இருக்கட்டும். பிள்ளை வளர்ந்தவன் என்றால் ஒரு பாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.